சலவைக்கடைக்கு மூன்று கம்பி

ஜனவரி 12

மின்சாரத்துறை மந்திரி அவர்களுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை நீங்கள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருக்கிறது, தூசி படியாமல் துடைத்து வைத்திருக்கிறேன். இது மெஷின் விஷயம்.

நேற்றுக் காலை பிழியும் மெஷின் சுற்ற மாட்டேன் என்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் ஒரு முனகல், அவ்வளவுதான். கூப்பிட்டால் "ம்ம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காத சில ஆட்களைப் போல. யாரைப் போல என்று நான் சொல்லத் தேவையில்லை. கடையில் விளக்கு எரிகிறது, இஸ்திரி மேஜை சூடாகிறது. "கரண்டுதான் இருக்கே, இதுக்கு என்ன கேடு?" என்று என் தங்கை தொட்டிக்குள் கையை விட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டாள். உடனே அது அரைமனதாக ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஆஸ்பத்திரிப் போர்வைகள் சொட்டச் சொட்டக் கிடக்க, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "ஒரு பேஸ் போயிடுச்சுக்கா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா மோட்டார் காலி" என்றார். கம்பத்தில் பியூஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

என் கேள்வி இதுதான். கடைக்கு மூன்று பேஸ் வருகிறது என்கிறீர்கள். மூன்றில் ஒன்று போனால் மிச்சம் இரண்டு இருக்கிறதே, அவை தங்கள் பங்கு வேலையைச் செய்ய வேண்டாமா? இந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் கிளம்பிப் போய்விட்டார். மிச்சமிருப்பவள் கடையையும் வீட்டையும் நடத்தவில்லையா?

எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "அது அப்படித்தான்க்கா" என்றார். நீங்களாக இருந்தால் டம்ளரையும் ஸ்பூனையும் மேஜையில் பரப்பி, டீ ஆறும்வரை விளக்கியிருப்பீர்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டுமே கேட்கிறேன்.

போன அக்டோபரில் ஆபீசில் ஆறு மாத வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்து, சாப்பாட்டில் உப்புக் கேட்பதைப் போல "அடுத்த வாரம் மலைக்குப் போறேன், ஆறு மாசம்" என்றீர்களே, அதற்கான பதிலை நான் இன்னும் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

அங்கே குளிர் என்கிறார்கள். ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இருக்கிறது. பார்த்தீர்களா, இல்லையா?

இப்படிக்கு,
சலவைக்கடை முதலாளி


ஜனவரி 19

முதலாளியம்மாவுக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. வந்த அன்றே கிடைத்தது. கோபமாக இருந்தவள் எப்போது அதை உள்ளே வைத்தாய் என்று கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

சண்டையைத் துடைத்து வைத்திருப்பதற்கு நன்றி. நீ எதையும் அழுக்காக வைத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

இப்போது பாடம். டம்ளர் ஸ்பூன் இல்லாமல் முயற்சி செய்கிறேன். இங்கே பவர்ஹவுசில், மேலே அணையிலிருந்து விழும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் நம் சமையலறை அகலத்துக்கு ஒரு காந்தம். அந்தக் காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள்களை மூன்று பிரிவாக, சம இடைவெளியில் உட்கார வைத்திருக்கிறார்கள். காந்தம் சுற்றும்போது முதல் சுருளில் மின்சாரம் ஏறி இறங்குகிறது, பின்னாலேயே இரண்டாவதில், அதன் பின்னால் மூன்றாவதில். ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறிக்கொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்து ஓய்ந்துபோகிற கணம் என்று ஒன்று கிடையாது. அந்த மூன்றுதான் மூன்று பேஸ், மூன்று கம்பியாக உன் கடைவரை வருகிறது.

உன் மோட்டாருக்குள்ளும் அதே மாதிரி மூன்று சுருள்கள். மூன்று பேர் வட்டமாக நின்றுகொண்டு, நடுவில் நிற்கும் குழந்தையை வரிசையாக "இங்க வா, இங்க வா, இங்க வா" என்று கூப்பிடுவதாக வைத்துக்கொள். குழந்தை சுற்றிச் சுற்றி ஓடும். அதுதான் மோட்டார் சுற்றுவது. ஒருவர் வாயை மூடிக்கொண்டால்? மிச்ச இரண்டு பேர் கூப்பிடுவது இப்படி இழுப்பதும் அப்படி இழுப்பதுமாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் கிளம்புவது என்று தெரியாமல் குழந்தை நின்ற இடத்தில் நின்று அழும். நீ கேட்ட முனகல் அது. உன் தங்கை கையால் தள்ளியதும் வழி தெரிந்துவிட்டது, ஓடியது. ஆனால் மூன்று பேர் சுமையை இரண்டு பேர் சுமந்தால் சூடேறிக் கருகத்தான் செய்யும். விளக்குகள் எரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு விளக்கும் ஒரே ஒரு பேஸில் ஓடுவது. பியூஸ் போன பேஸில் உன் கடை விளக்கும் இஸ்திரி மேஜையும் இல்லை, அவ்வளவுதான்.

தங்கையிடம் சொல்லிவை. அடுத்த தடவை தொட்டிக்குள் கையை விட்டால் மாமா மலையிலிருந்து இறங்கி வந்து காதைத் திருகுவார்.

நீ கடையையும் வீட்டையும் நடத்துவாய் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அது எனக்குப் பெருமையாக இருக்கிறதா பயமாக இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம்.

இங்கே செல்போன் வெறும் கடிகாரம். கன்ட்ரோல் ரூமில் ஒரு போன் இருக்கிறது, அது வேலைக்கு மட்டும். ஆகவே எழுது.

இன்னொரு விஷயம். ஏப்ரலோடு என் ஆறு மாதம் முடிகிறது. இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள், குடியிருக்க வீடும் தருவார்களாம். மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்வெட்டருக்குள்ளிருந்து,
உன் மந்திரி


ஜனவரி 28

மந்திரி அவர்களுக்கு,

உங்கள் குழந்தையும் மூன்று பேரும் புரிந்தார்கள். புரிந்தது மட்டும் இல்லை, செய்தே பார்த்துவிட்டோம்.

முந்தாநாள் கரண்டு போய்விட்டது. துவைக்கும் டிரம்முக்குள் ஆஸ்பத்திரித் தலையணை உறைகள், மருந்துக் கறையோடு. அப்படியே ஊறவிட்டால் கறை ஏறிவிடும். மெயினை இறக்கிவிட்டு (இறக்கிவிட்டுத்தான், மூச்சை விடுங்கள்) பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றி, நான் ஒருத்தியே சுற்றிப் பார்த்தேன். அரைச் சுற்று ஏறும், அப்புறம் ஈரத்துணிச் சுமை என் கையை மீறி அதைத் திருப்பி இழுத்துவிடும். மறுபடி தள்ளு, மறுபடி திரும்பு. இடுப்பு கழன்றுவிட்டது.

அப்போதுதான் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. தங்கையை ஒரு பக்கம், நம் மடிப்புக்காரியை ஒரு பக்கம் நிற்க வைத்தேன். நான் தள்ளிவிட்டுக் கையை எடுக்கும் நேரத்தில் தங்கை பிடிப்பாள், அவள் விடும் நேரத்தில் மடிப்புக்காரி. சக்கரம் நிற்கவே இல்லை. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. நான் "பேஸ் ஒண்ணு, பேஸ் ரெண்டு, பேஸ் மூணு" என்று கத்திக்கொண்டே தள்ளினேன். மடிப்புக்காரி, "யக்கா, நான் எத்தனாவது பேஸு? எனக்கும் பியூஸ் போகுமா?" என்று கேட்க, தங்கை சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சக்கரம் அங்கேயே முனகிக்கொண்டு நின்றது.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, உங்களிடம் சொல்லலாம் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இதையும் என் கோபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வேலை பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் இஷ்டம். நான் எதற்கும் குறுக்கே நிற்கிறவள் இல்லை.

(இதற்கு மேலே அடித்திருக்கும் வரியைப் படிக்க முயற்சி செய்ய வேண்டாம்.)

முதலாளி


பிப்ரவரி 8

முதலாளியம்மாவுக்கு,

சக்கரம் சுற்றிய கதையைக் கேண்டீனில் எல்லாரிடமும் சொன்னேன். பெயரே வைத்துவிட்டார்கள். உன் கடிதம் வந்தால், "மூணு பேஸ் வீட்டம்மா எழுதியிருக்காங்க" என்றுதான் கொண்டுவந்து தருகிறார்கள்.

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

இப்போது எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிறுத்தி வைத்திருந்த மெஷினை மறுபடி ஓட்டி, ஊர் முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தோடு சேர்க்க வேண்டும். நினைத்த நேரத்தில் சுவிட்சைப் போட்டுச் சேர்த்துவிட முடியாது. அங்கே ஓடும் வேகமும் நம் வேகமும் ஒன்றாக வேண்டும், அங்கே முதல் பேஸ் ஏறும்போது இங்கேயும் ஏற வேண்டும். இது பழைய பவர்ஹவுஸ். அதனால் முள் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் மூன்று விளக்குகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத வரை மூன்றும் சேர்ந்து பளிச்சென்று எரிந்து எரிந்து அணையும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தால் எரிவதும் அணைவதும் மெதுவாகும். ரொம்ப மெதுவாகி, மூன்றும் முழுக்க இருட்டாக நிற்கும் அந்த நேரத்தில் சுவிட்சைப் போட வேண்டும். அவசரப்பட்டால் அத்தனை பெரிய தண்டும் அடி வாங்கிக் கட்டடமே அதிரும்.

முதல் தடவை, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பொறுங்க, அதுவா வரும்" என்று பின்னாலிருந்து அதிகாரி சொன்னார். வந்தது. போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பால் டம்ளரில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றியதைப் போலச் சேர்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, யாரிடமும் சொல்லிவிடாதே.

அங்கிருந்து அது எங்கெல்லாம் போகிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி லிஃப்ட், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, ஐஸ் கம்பெனி, நம் தெரு மாவு மில், பக்கத்து அச்சகம், உன் டிரம். எங்கெல்லாம் பெரிய சக்கரம் சுற்ற வேண்டுமோ அங்கெல்லாம் இந்த மூன்றும் போகிறது. வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு பேஸாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்றிலும் சுமை சமமாக இருந்துவிட்டால் ஒன்றின் மிச்சத்தை மற்ற இரண்டும் எடுத்துக்கொள்ளும், திரும்பி வருவதற்கென்று இருக்கும் நியூட்ரல் கம்பியில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. ஊருக்கு வெளியே இரும்புக் கோபுரங்களில் கம்பியை எண்ணிப் பார். மூன்று இருக்கும், இல்லாவிட்டால் ஆறு. உச்சியில் மெலிதாகத் தனியே ஓடுவது, இடி விழுந்தால் தாங்கிக்கொள்ள.

நிரந்தர வேலைக்கு நீ சரி என்று எழுதியது பெரிய நிம்மதி. அதிகாரியிடம் பெரும்பாலும் ஒத்துக்கொள்வேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். குடியிருப்பில் மாடி வீடு தருவார்களாம். ஜன்னலைத் திறந்தால் அணை தெரியும்.

உன் மந்திரி


பிப்ரவரி 19

அன்புடையீர்,

இங்கு அனைவரும் நலம். தெரு டிரான்ஸ்பார்மர் பழுதாகிப் புதியது வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு கடையில் எல்லாம் தலைகீழாக ஓடுகின்றன. பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பிழியும் மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஆவியை வெளியே தள்ள வேண்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் தெருத் தூசியை உள்ளே இழுத்து, காயும் போர்வைகள்மீது கொட்டுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வண்டி துணியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு கடை பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்கள்.

லைன்மேனிடம் சொன்னால் "நாளைக்கு" என்கிறார். என்ன செய்வது என்று தெரிவிக்கவும்.

நிம்மதியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி.


பிப்ரவரி 24

முதலாளியம்மா,

முதலில் வேலை. பயப்பட ஒன்றுமில்லை. புது டிரான்ஸ்பார்மர் வைத்தபோது மூன்றில் இரண்டு கம்பியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அந்தக் குழந்தையைக் கூப்பிடுகிற மூன்று பேரில் இரண்டு பேர் இடம் மாறி நின்றால் குழந்தை எதிர்ப்பக்கம் ஓடும், அவ்வளவுதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கடையின் மெயின் போர்டில் உள்ளே வரும் மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடச் சொல். எந்த இரண்டு என்பது முக்கியமில்லை. ஒவ்வொரு மோட்டாராகத் தொட வேண்டாம், போர்டில் மாற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் நேராகிவிடும். நீ தொடாதே. தங்கையையும் தொடவிடாதே.

அடுத்தது நீ. 'தெரிவிக்கவும்' என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான இத்தனை வருடத்தில் நீ என்னைப் பார்த்து 'தெரிவிக்கவும்' என்று சொன்னதே இல்லை. தட்டை எறிந்திருக்கிறாய், அது பரவாயில்லை. நான் என்ன செய்தேன்?

நான்


மார்ச் 5

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதியபடியே போர்டில் இரண்டு கம்பியை மாற்றினார். பம்பு தண்ணீர் ஏற்றியது. ஃபேன் ஆவியை வெளியே தள்ளியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகள் அத்தனையையும் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டோம். மடிப்புக்காரி உங்களுக்கு நூறு ஆயுசு என்றாள்.

மத்தியானம் கரண்டு அரை மணி நேரம் நின்றது. திரும்பி வந்தது. வந்ததும் ஃபேன் தெருவில் இருந்த தூசி முழுவதையும் வாரி என் வெள்ளைப் போர்வைகள்மீது அப்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சத்தம். அச்சகக்காரர் நிற்கிறார். "என் மெஷினு அடிச்ச பேப்பரைத் திரும்ப முழுங்குது, வந்து பாருங்க!" பின்னாலேயே மாவு மில்காரர், தலைமுதல் கால்வரை மாவு, கண் மட்டும் தெரிகிறது. "போன வாரம்தான் எலெக்ட்ரீஷியனைப் புடிச்சு மாத்தினேன், இப்ப மறுபடி ரிவர்சு." தெருவே என் கடை வாசலில். ஏன் என் வாசலில்? ஏனென்றால் கம்பத்தின் மேலே உங்கள் சிநேகிதர், லைன்மேன் நெட்டை, ஒரு குற்றமும் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணன் பவர்ஹவுஸ்லேர்ந்து போன் பண்ணாருக்கா. அக்கா கஷ்டப்படுது, டிரான்ஸ்பார்மர்லேயே மாத்திவிடுன்னாரு. மாத்திட்டேன்."

நான் கீழே மாற்றினேன். நீங்கள் மேலே மாற்றினீர்கள். இரண்டு தடவை மாற்றினால் முதலில் இருந்த கோணல்தானே திரும்பி வரும், மந்திரி அவர்களே? என்னைவிட உங்களுக்குத்தானே அது நன்றாகத் தெரியும்?

நெட்டையை இறங்கவிடாமல், மாற்றியதைத் திரும்ப மாற்ற வைத்துவிட்டு, போர்வைகளை மறுபடி துவைத்தோம். தங்கை அழுதுகொண்டே துவைத்தாள். மடிப்புக்காரி வீட்டுக்குப் போகாமல் கூட இருந்து மடித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கொடுத்துவிட்டோம், அதனால் கடை பிழைத்தது.

எனக்குத் தூசி பெரிதில்லை. நெட்டையைக் கூப்பிட உங்களுக்குக் கன்ட்ரோல் ரூம் போன் கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு "நெட்டைகிட்ட சொல்லியிருக்கேன், நீ மாத்தாதே" என்று ஒரு வார்த்தை சொல்லக் கிடைக்கவில்லை. மூன்று விளக்கும் இருட்டாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த மனிதருக்கு, என் கடிதம் வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

நீங்கள் கெட்டது செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லதைத்தான் செய்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும், என்னைக் கேட்காமல். மலைக்குப் போனதும் அப்படித்தான். மாடி வீடும் அப்படித்தான். அணை தெரியும் ஜன்னலில் யார் நின்று பார்ப்பதாக நினைத்தீர்கள்? என் கடையைச் சுருட்டி எந்தப் பையில் வைத்துக்கொண்டு நான் அங்கே வருவேன்?

அழுகை வருகிறது, நிறுத்துகிறேன். தாளில் இருக்கும் கறை டீ.


மார்ச் 12

அன்பே,

உன் கடிதத்தைப் படித்து முடித்து, அச்சகக்காரர் வந்த இடத்தில் சிரித்து, அதற்கு அடுத்த வரிகளில் சிரித்ததற்கு வெட்கப்பட்டேன்.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று நேராகச் சொல்கிறேன். பயம். உன்னிடம் கம்பியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நீ ஒன்றும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். அந்த மௌனத்தில் நான் என்ன சொல்வது? நெட்டையிடம் கம்பியைப் பற்றிச் சொன்னால் போதும், வைத்துவிடலாம். உன் கடிதத்தில் வேறு கடை பார்ப்போம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதியது உனக்கு வந்து சேர நாளாகுமே என்று நிலைகொள்ளவில்லை. என்னால் ஏதாவது ஆகட்டும் என்று அதிகாரியைக் கெஞ்சிப் போனை வாங்கினேன். நீ கெட்டிக்காரி, கடிதம் கிடைத்த மறுநாளே மாற்றிவிடுவாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

'உங்கள் இஷ்டம்' என்று நீ எழுதியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. உன்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவனுக்கு அது சம்மதம் இல்லை என்று தெரியாதா? தெரியும்.

நேற்று அதிகாரியிடம் போனேன். "சார், அந்த நிரந்தர வேலை. வீட்ல கேக்கணும்."

"போன மாசமே சரின்னீங்களே?"

"அது நான் சொன்னது சார். அவளை இன்னும் கேக்கல."

அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. கேட்டுட்டு வாங்க" என்றார்.

அதனால் கேட்கிறேன். என் மனதில் இருப்பதை மறைக்கவில்லை. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. காலையில் மெஷின் சத்தத்துக்கு எழுந்திருப்பது பிடித்திருக்கிறது. நீ இல்லாமல் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எனக்கு வழி தெரியவில்லை.

நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? உனக்கு என்ன வேண்டும்? 'உங்கள் இஷ்டம்' என்ற பதில் இந்த அலுவலகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. நீ என்ன எழுதினாலும் அது வரும்வரை பேனாவைத் தொட மாட்டேன்.

நான்


மார்ச் 21

என்னங்க,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

முதல் தாளில், நீங்கள் அங்கேயே இருங்கள், உங்கள் சந்தோஷம்தான் முக்கியம் என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், நல்ல மனைவி ஒருத்தி எழுதியதைப் போல இருந்தது. அவள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் நானே அங்கே வந்துவிடுகிறேன் என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கடைக்குள் போனேன். தங்கை டிரம்மிலிருந்து சூடாகத் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள், மடிப்புக்காரி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைத் தொட்டியில் ஆரம்பித்து நான் என் கையால் கொண்டுவந்த இடம் அது. என்னால் முடியாது. மூன்றாவதில் மறுபடி 'உங்கள் இஷ்டம்' என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம்.

நீங்கள் என்னைக் கேட்டதே இல்லை என்று இத்தனை காலம் கோபப்பட்டேன். கேட்டுவிட்டீர்கள். இப்போதுதான் தெரிகிறது, நானும் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் நீங்கள் முடியாது என்றுவிடுவீர்களோ என்று, சொல்லாமலேயே கோபித்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

சரி. சொல்கிறேன்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்கு நீங்கள் வீட்டில் வேண்டும். கடையை மூடிவிட்டு வந்து இன்று என்ன நடந்தது என்று நான் சொல்லும்போது, பாதியில் குறுக்கே புகுந்து தப்பாகப் புரிந்துகொள்ள நீங்கள் வேண்டும். டம்ளரையும் ஸ்பூனையும் பரப்பி என் டீயை ஆற வைக்க வேண்டும். இது சுயநலம்தான். மெஷினை ஊரோடு சேர்த்தபோது உங்களுக்குக் கண் கலங்கியதைப் படித்தவள்தான் இதைக் கேட்கிறேன். உங்களுக்கு எது போகிறது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

உங்களுக்கு வருத்தம் இருக்கும். என்னிடம் மறைக்க வேண்டாம், அதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் நம்மோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

வாங்க.


மார்ச் 28

அன்பே,

உன் கடிதம் இன்று வந்தது. அதிகாரியிடம் போய், வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். "வீட்டம்மா வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டார். "கூப்பிட்டுட்டா சார்" என்றேன்.

வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மெஷின் பக்கத்தில் தனியாகப் போய் நின்றேன். மூடிமேல் கையை வைத்தேன். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. மறைக்க வேண்டாம் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன், கொஞ்சம் அழுதேன். அழும்போது சட்டைப்பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து, கடைசி வரியை மட்டும் மறுபடி படித்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். இதற்கு நான் முடியாது என்று சொல்லியிருந்தால், அந்த மாடி வீட்டு ஜன்னலை ஒருநாளும் திறந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் கடைசியில் என் வேலை முடிகிறது. அங்கே நம் ஊர்த் துணை மின்நிலையத்தில் என் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது, திரும்பிச் சேர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள். சேரட்டுமா? சொல்.

வந்ததும் நீ திட்ட வேண்டியது நிறைய இருக்கும், எல்லாவற்றையும் திட்டு, ஒன்றையும் விடாதே. ஆனால் அதற்கு முன்னால், கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வந்து உட்கார். நான் ஒன்றும் விளக்க மாட்டேன்.

வருகிறேன்.